தாம்பூலத் தட்டும் ஒரு வாய்ச் சோறும்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குப் பொழுது விடிந்தால் ஓர் ஆசை வந்தே தீரும் என்றிருந்த காலத்தில், தண்ணீரும் சேறும் நெல்லும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு தட்டையான நாடு இருந்தது. அந்த நாட்டுக் குழந்தையிடம் மேடு எங்கே என்று கேட்டால் வரப்பைக் காட்டும். அதற்கு மேல் ஒரு மேட்டை அதன் அப்பனும் பார்த்ததில்லை, பாட்டனும் பார்த்ததில்லை.

அந்த நாட்டு ராஜா ஒருமுறை தம் சகலை வீட்டுக் காதுகுத்துக்குப் போனார். ராணியின் தங்கையைக் கட்டியவர் அந்தச் சகலை. அவரும் ராஜாதான், ஆனால் மலைநாட்டு ராஜா. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே அவர் கேட்டார்: “அண்ணா, ரொம்ப நாளா ஒரு சந்தேகம். எங்க ஊர்ல சூரியன் மலைக்குப் பின்னால மறையுது. உங்க ஊர்ல பாவம், அது எங்கதான் போய் ஒளியும்?” பந்தியே சிரித்தது. மற்றவர்கள் சிரித்ததை ராஜா பொறுத்துக்கொண்டிருப்பார். கூடவே ராணியும் சிரித்துவிட்டாள். அங்கேதான் பிடித்தது சனி.

ஊர் திரும்பியதும் ராஜா கொலுவைக் கூட்டினார். “எமக்கு ஒரு மலை வேண்டும்” என்றார்.

கொலுவில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிரதானி திருமேனிநாதர் மட்டும் எழுந்து கைகட்டி, “எத்தனை பனை உயரம், மகாராஜா?” என்று கேட்டார். அவர் அப்படிப்பட்ட ஆள். சூரியனுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று ராஜா சொல்லியிருந்தால், எத்தனை மூட்டை சுண்ணாம்பு என்று கேட்டிருப்பார்.

ஐப்பசியில் சகலை விருந்துக்கு வருவதாக இருந்தது. அதற்குள் அரண்மனைக்கு மேற்கே மலை நின்றாக வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள் கூடையோடு வர வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். அது ஆடி மாதம். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்து வாய்க்காலில் ஏறுகிற நேரம். நாற்றங்காலில் விதை விட வேண்டிய ஆண்பிள்ளைகள் எல்லாம் கூடையைத் தூக்கிக்கொண்டு மலை கட்டப் போனார்கள். தட்டை நாட்டில் மலைக்கு மண் எங்கிருந்து வரும்? அவர்கள் வயலிலிருந்துதான்.

இந்த இடத்தில் வாஞ்சியப்பனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவன் அரண்மனை விகடன். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. சம்பளமாக நெல் அளப்பார்கள், அதுவும் ஞாபகம் வந்தால். அவன் வீட்டு அடுப்பு எரிந்ததெல்லாம் அவன் மச்சினன் ஐயாறப்பனின் துண்டு நிலத்தால்தான். அந்த ஐயாறப்பனும் இப்போது கூடை சுமந்துகொண்டிருந்தான். அவன் வீட்டில் வேறு ஆண் துணை கிடையாது.

அன்று வாஞ்சியப்பன் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் மனைவி தையல்நாயகி பிடித்துக்கொண்டாள்.

“வாங்க வாங்க. இன்னிக்கு ராஜா எத்தனை தரம் சிரிச்சாரு?”

“ஏன்டி, வந்ததும் வராததுமா?”

“என் தம்பி தோள்பட்டை தோலு உரிஞ்சு கிடக்கு. வாய்க்கால்ல தண்ணி சும்மா ஓடுது. இந்தத் தண்ணியில விதை விடலைன்னா அந்த நிலத்துல இந்த வருஷம் ஒரு மணி முளைக்காது. அவன் பொண்டாட்டி புள்ளை என்னத்தைத் திங்கும்? நாமதான் என்னத்தைத் திங்கறது? நீங்க என்னடான்னா அந்த மனுஷனுக்குக் கிச்சுகிச்சு மூட்டிட்டு வர்றீங்க. உருப்படாத வேலைக்கு ஒரு தலைப்பாகை வேற!”

வாஞ்சியப்பன் தலைப்பாகையைக் கழற்றி வைத்தான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றதை அவன் பார்த்துவிட்டான்.

“நாட்டார் சபை கூடியிருக்கு தையலு. ஏதாவது வழி பொறக்கும்” என்று மட்டும் சொன்னான்.

நாட்டார் சபை என்பது ஊர் ஊருக்கு ஒரு பெரியவர் வந்து உட்காரும் சபை. ராஜாவின் கொலு வேறு, இது வேறு. ராஜாவின் பாட்டனார் காலத்தில் இந்தச் சபைக்கும் அரண்மனைக்கும் பெரிய மல்லுக்கட்டு நடந்து, கடைசியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சபை எதை முடிவு செய்தாலும் ஓலையில் எழுதி, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து ராஜாவுக்கு அனுப்பும். ராஜா வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டால் அது சட்டம். பிடிக்கவில்லை என்றால் தட்டைத் திருப்பி அனுப்பலாம். ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று அவர் தம் வாயாலேயே காரணம் சொல்ல வேண்டும், அதைக் கொண்டுபோகிற ஆள் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சபையில் ஒப்பிக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகும் சபையில் நாலில் மூன்று பங்கு கை உயர்ந்தால், தட்டு மறுபடி வரும். அப்போது ராஜாவுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வெற்றிலையை மென்றே ஆக வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். அதைச் செய்தவர்கள் ஒன்றே ஒன்றை விட்டுவிட்டார்கள். தட்டை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று சொல்லவில்லை. முன்னால் வைத்த தாம்பூலத்தை எடுக்காமலும் திருப்பாமலும் ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருப்பான் என்று அந்த மரியாதை தெரிந்த ஜனங்களுக்குத் தோன்றவே இல்லை.

பிரதானி திருமேனிநாதருக்குத் தோன்றியது.

சபையின் தட்டு கொலுவுக்கு வந்தது. ‘நடவு முடியும் வரை உழுகிறவர் எவரையும் அரண்மனை வேலைக்கு அழைக்கலாகாது’ என்று ஓலையில் இருந்தது. ராஜா முகம் சுளித்து, தட்டைத் திருப்பி அனுப்பப் போனார். பிரதானி அவர் காதோரம் குனிந்தார்.

“திருப்பி அனுப்பினால் காரணம் சொல்ல வேண்டும், மகாராஜா. சொன்னால் அவர்கள் மறுபடி கூடுவார்கள், கை தூக்குவார்கள். எதற்கு வம்பு? தட்டு இங்கேயே இருக்கட்டும். தாங்கள் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. யோசிக்கிறீர்கள். ஐப்பசி வரை யோசித்தால் மலையும் முடியும், நடவுக் காலமும் முடியும். அப்புறம் தாராளமாக வெற்றிலை போட்டுக்கொள்ளலாம்.”

ராஜாவுக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. தட்டை ஓரமாக ஒரு முக்காலியில் வைக்கச் சொன்னார்.

நாலைந்து நாள் வாஞ்சியப்பன் பொறுத்துப் பார்த்தான். வெற்றிலை சுருங்கத் தொடங்கியதும் அவன் பொறுமையும் போயிற்று. கொலுவில் எழுந்து நின்றான்.

“மகாராஜா, அந்தத் தட்டு என்ன ஆயிற்று என்று நாட்டார் கேட்கிறார்கள்.”

“யோசிக்கிறோம்” என்றார் ராஜா.

மறுநாளும் கேட்டான். “யோசிக்கிறோம்.” அடுத்த நாள் வாயைத் திறப்பதற்கு முன்பே ராஜா, “யோசனை நல்லபடியாக நடந்துகொண்டிருக்கிறது” என்றார். கொலுவில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்க வைப்பது தன் வேலை, அது ராஜாவின் வேலையாகப் போயிற்றே என்று வாஞ்சியப்பனுக்கு உள்ளுக்குள் எரிந்தது.

இவனை இப்படியே விட்டால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் ராஜாவைக் கரைத்துவிடுவான் என்று பிரதானிக்குப் பயம். ஏற்கெனவே பொறாமை வேறு. ராஜா இவன் பேச்சுக்குச் சிரிக்கிற அளவு தம் பேச்சுக்குச் சிரிப்பதில்லை என்பது அவருக்குப் பல வருஷத்துக் குறை.

“மகாராஜா,” என்றார் பிரதானி, “அரண்மனையில் உணவை ருசி பார்க்கும் உத்தியோகம் காலியாக இருக்கிறது. பழைய ஆள் பலாப்பழத்தில் போய்ச் சேர்ந்தார். அதில் விஷம் ஒன்றும் இல்லை, முழுப் பழத்தையும் ருசி பார்த்துவிட்டார். நம் வாஞ்சியப்பனுடைய நாக்கு பெயர்பெற்ற நாக்கு. அதற்கு ஏற்ற வேலை இது. கொலுவுக்கு வந்து கஷ்டப்பட வேண்டியதும் இல்லை.”

கொலுவிலிருந்து தள்ளிவிடுகிறார் என்பது வாஞ்சியப்பனுக்குப் புரிந்தது. விஷம் வந்தால் முதலில் போகப்போவது யார் என்பதும் புரிந்தது.

“அந்த உத்தியோகத்தின் விதி என்னவென்று பிரதானியார் சொன்னால் தேவலை” என்றான்.

பிரதானி சந்தோஷமாகச் சொன்னார். அந்த விதியை எழுதியவரே அவர்தான். “ராஜாவின் இலையிலிருந்து முதல் கவளத்தை நீ வாயில் போட வேண்டும். விழுங்கி ‘ஆகட்டும்’ என்று சொன்னால் ராஜா சாப்பிடுவார். துப்பிவிட்டுக் காரணம் சொன்னால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வேறு சமைப்பார்கள். இரண்டில் ஒன்று நடக்கும் வரை ராஜா ஒரு பருக்கையைத் தொட மாட்டார். அது உடைவாள்மேல் அவர் செய்த சத்தியம். கவளத்தை வாயில் போட்ட பிறகு ஆளை மாற்றக் கூடாது. மாற்று என்று யாராவது சொன்னால் சொன்னவர்மேல்தான் விஷம் வைத்த சந்தேகம்.”

“அருமையான விதி” என்றான் வாஞ்சியப்பன். “இதில் ஒரு குறையும் இல்லை.”

மறுநாள் மத்தியானம் ராஜா இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். காலையில் மலை வேலையைப் பார்வையிடப் போய்விட்டு வந்த பசி. மலை அப்போது முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. இலையில் ஆவி பறக்கும் சம்பாச் சோறு, பருப்பு, நெய், கத்தரிக்காய்க் கூட்டு, மாங்காய்ப் பச்சடி, ஓரத்தில் வாழைப்பூ வடை. ராஜாவுக்கு வாழைப்பூ வடை என்றால் உயிர். மடைப்பள்ளிக்காரர் இரண்டு வடை கூடவே வைத்திருந்தார்.

வாஞ்சியப்பன் பருப்புச் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் உருட்டினான். பார்க்கிறவர்கள் பயப்படும்படியான கவளம். வாயில் போட்டான். கன்னம் இரண்டும் உப்பின. சம்மணம் போட்டு, கண்ணை மூடி, உட்கார்ந்துவிட்டான்.

ராஜா பார்த்தார். அவன் மெல்லவில்லை. விழுங்கவில்லை. துப்பவும் இல்லை.

“என்ன வாஞ்சியப்பா, உப்பு சரியா?”

அவன் கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினான்.

ராஜா பொறுத்தார். நெய் உறைய ஆரம்பித்தது. ஓர் ஈ வந்து வடையைச் சுற்றியது. அதை விரட்டக்கூட ராஜா கை நீட்டவில்லை, சத்தியம் எங்கே உடைந்துவிடுமோ என்று பயம். மடைப்பள்ளிக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது.

“விஷமா?” என்றார் ராஜா, குரல் தாழ்த்தி.

வாஞ்சியப்பன் தலையை ஆட்டினான். அது ஆமாம் என்கிற ஆட்டலும் இல்லை, இல்லை என்கிற ஆட்டலும் இல்லை.

“விழுங்கித் தொலையேன்! இல்லையென்றால் துப்பு!”

மறுபடியும் கையை உயர்த்தினான்.

அவனுக்கும் அது லேசான காரியமாக இல்லை. சோறு வாய்க்குள் இனிக்கத் தொடங்கிவிட்டது. நெய் நைஸாகத் தொண்டைக்குள் நழுவப் பார்த்தது. தாடை இறுகிக் காது வரை வலித்தது. நடுவில் ஒரு தும்மல் வேறு எழும்பிவிட்டது. தும்மினால் எல்லாம் போச்சு. துப்பியதாக ஆகிவிடும், புதுச் சோறு வடிப்பார்கள், ராஜா சாப்பிட்டு ஏப்பம் விட்டுத் தூங்கப் போவார், ஐயாறப்பன் கூடை சுமப்பான். வாஞ்சியப்பன் மச்சினனின் உரிந்த தோளை நினைத்தான். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். குலதெய்வம் புண்ணியத்தில் தும்மல் இறங்கிப் போயிற்று.

வெயில் சாய்ந்தது. ராஜாவின் வயிறு போட்ட சத்தம் வாசல் காவலர் வரைக்கும் கேட்டது. பிரதானியைக் கூட்டி வரச் சொன்னார்.

பிரதானி வந்து பார்த்ததும் கொதித்தார். “திமிர், மகாராஜா! ஆளை மாற்றி...” என்று ஆரம்பித்தவர், ராஜா தம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பதைக் கண்டு, மீதியை விழுங்கிவிட்டார். அந்த அறையில் அன்று ஒருவராவது எதையாவது விழுங்கினார் என்பதே பெரிய விஷயம்.

“எத்தனை நேரத்துக்குள் இவன் சொல்ல வேண்டும்? விதி என்ன சொல்கிறது?” என்றார் ராஜா.

“காலம் ஒன்றும் குறிக்கவில்லை, மகாராஜா.”

“ஏன் குறிக்கவில்லை?”

“வாயில் போட்ட சோற்றை விழுங்காமலும் துப்பாமலும் ஒரு மனிதன் வைத்திருப்பான் என்று அடியேனுக்குத் தோன்றவில்லை.”

“அப்படியென்றால் இவன் இப்போது என்னதான் செய்துகொண்டிருக்கிறான்?”

சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லப் பிரதானிக்கு மனம் வரவில்லை. கடைசியில் மடைப்பள்ளிக்காரர்தான், பசியில் நடுங்கும் ராஜாவைப் பார்க்கப் பொறுக்காமல், கைகூப்பிக்கொண்டு சொன்னார்:

“யோசிக்கிறார் போலிருக்கு, மகாராஜா.”

ராஜா வாஞ்சியப்பனைப் பார்த்தார். பிரதானியைப் பார்த்தார். ஆறிப்போன வடையை நெடுநேரம் பார்த்தார்.

“எழுதிக்கொள்ளும்” என்றார். “கவளத்தை வாயில் போட்டவர் ஒரு நாழிகைக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ‘ஆகட்டும்’ என்று சொன்னதாகவே அர்த்தம்.”

வாஞ்சியப்பன் உடனே விழுங்கினான். “ஆகட்டும், மகாராஜா. உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றான்.

ராஜா சாப்பிட்டார். வடையைத் தின்று முடித்து, மோர் குடித்து, கை கழுவி, துடைத்துக்கொண்ட பிறகுதான் பேசினார்.

“வயிற்றில் அடித்துவிட்டாயே, பாவி. உன் தலையை வாங்கினால் என்ன?”

“வாங்கிக்கொள்ளலாம், மகாராஜா. ஒரு வேளைச் சோறு தாமதமானதற்கே தங்களுக்கு இத்தனை கோபம் வருகிறது. நியாயமான கோபம். அந்தத் தட்டுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு ஒரு வருஷத்துச் சோறு. அவர்களுக்குக் கோபம் வந்தால் யார் தலையை வாங்குவார்கள்?”

சொல்லிவிட்ட பிறகுதான் வாஞ்சியப்பனுக்கே உறைத்தது. விளையாட்டுக்குச் சொல்கிற வார்த்தை இல்லை அது.

ராஜா வெகுநேரம் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு இன்னோர் ஆணை எழுதச் சொன்னார். சபையிலிருந்து வரும் தட்டுக்கு, வெற்றிலை வாடுவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். வாடிவிட்டால் ராஜா அதை எடுத்துப் போட்டுக்கொண்டதாகவே அர்த்தம்.

“ஈரத் துணியில் சுற்றி வைத்தால் வெற்றிலை பல நாள் வாடாது” என்று பிரதானி மெதுவாக நினைவூட்டினார்.

“சுற்றக் கூடாது, நனைக்கக் கூடாது என்றும் சேர்த்து எழுதும்” என்றார் ராஜா. பசித்த மனிதர் போட்ட ஆணை, அதில் ஓட்டை இருக்கவில்லை.

பழைய தட்டின் வெற்றிலை ஆணைக்கு முன்பே வாடிவிட்டதால் அதற்குப் புது வெற்றிலை வைத்தார்கள். இப்போது ஏற்க வேண்டும், இல்லை காரணம் சொல்லித் திருப்ப வேண்டும். மலை ஆசையோ ராஜாவை விடவில்லை. பிரதானியும் விடுவதாக இல்லை.

“திருப்பி அனுப்புவோம், மகாராஜா. நாலில் மூன்று பங்கு கை அவ்வளவு சுலபத்தில் உயராது. சபையில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். என் சகலையே இருக்கிறார். காரணத்தை மட்டும் கௌரவமாகச் சொல்லிவிடுவோம். எல்லைக் காவலுக்கு உயரமான இடம் தேவை என்று சொல்லுங்கள். தட்டை வாஞ்சியப்பனே கொண்டு போகட்டும். தன் மச்சினனுக்கு எதிரான காரணத்தைத் தன் வாயாலேயே சொல்லட்டும். ஒரு சொல் மாற்றினால் தலை போகும்.”

வாஞ்சியப்பனைக் கூப்பிட்டு விட்டார்கள். அவன் வந்து தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றான்.

“காரணத்தைத் திருவாய் மலர்ந்தருள வேண்டும்.”

“எல்லைக் காவலுக்கு...” என்று பிரதானி எடுத்துக் கொடுத்தார்.

“பிரதானியார் மன்னிக்க வேண்டும். ராஜாவின் வாயால் வந்தால்தான் அது காரணம்.”

ராஜா தொண்டையைச் செருமினார். “எல்லைக் காவலுக்கு...” என்றவருக்கு அடுத்த வார்த்தை நினைவுக்கு வரவில்லை.

“எந்தப் பகைவன் வருவதைப் பார்ப்பதற்கு, மகாராஜா?” என்று வாஞ்சியப்பன் பணிவாகக் கேட்டான்.

அவ்வளவுதான். ராஜாவுக்கு அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது. கொலுத் தமிழெல்லாம் எங்கோ பறந்து போயிற்று.

“பகைவன் என்ன பெரிய பகைவன்! வந்தா வாள் இருக்கு, பாத்துக்கலாம். அந்தச் சகலைப் பய இருக்கானே, அவன்தான்யா! பந்தியில உக்காந்து அப்பளத்தைக் கடிச்சுக்கிட்டு என்னைப் பாத்து... என் பொண்டாட்டியும் சேந்து சிரிச்சாய்யா! அவனுக்கு மட்டும் மலை, எனக்கென்ன வரப்பா? ஐப்பசிக்கு வரட்டும். அவன் மூஞ்சிக்கு நேரா நிக்கணும் என் மலை. அதுக்குத்தான்!”

“உத்தரவு, மகாராஜா. ஒரு சொல் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, பிரதானி நாற்காலியிலிருந்து எழுவதற்குள் வாஞ்சியப்பன் வாசலைத் தாண்டிவிட்டான்.

நாட்டார் சபையில் நடுவில் நின்று, கண்ணை நேராக வைத்து, சிரிக்காமல், தயங்காமல், “இது மகாராஜாவின் திருவாய் மொழி” என்று தொடங்கி, பகைவன் என்ன பெரிய பகைவன் என்பதிலிருந்து அதுக்குத்தான் என்பது வரைக்கும் ஒப்பித்தான். அப்பளத்தையும் விடவில்லை.

கூடியிருந்தவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் மலையில் இருந்தார்கள். ஆலத்தூர் நாட்டார் என்று ஒருவர், நல்ல கனத்த சரீரம், மெதுவாக எழுந்து நின்றார்.

“எனக்கும் ஒரு சகலை இருக்கான்” என்றார். “அவன் மாடு என் மாட்டைவிட உசரம்னு கல்யாணத்தன்னிலேருந்து சொல்லிக்கிட்டுத் திரியறான். மாடு உசரந்தான், இல்லைங்கலை. கேக்கறப்பல்லாம் வயிறு எரியும். அதுக்காக ஊராரையெல்லாம் கூப்பிட்டு, என் மாட்டைக் கொஞ்சம் தூக்கிப் புடிங்கடான்னு நான் சொல்லலை.”

அவர் கையைத் தூக்கினார். அதற்கப்புறம் எண்ணவே வேண்டியிருக்கவில்லை.

தட்டு மறுபடி கொலுவுக்கு வந்தது. ராஜா அதைப் பார்த்ததுமே முகம் வாடிப்போனார். “நாலில் மூன்று பங்கு வந்துவிட்டதா?” என்று கேட்டார்.

“அதற்கு மேலேயே வந்தது, மகாராஜா. பிரதானியாரின் சகலை இரண்டு கையையும் தூக்கினார்.”

ராஜா பிரதானியைத் திரும்பிப் பார்த்தார். “உமக்குமா?” என்றார்.

பிரதானி தலையைக் குனிந்தார். “என் வீட்டைவிட அவர் வீட்டில் ஒரு மாடி அதிகம், மகாராஜா” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் கலப்படமில்லாமல் பேசிய வார்த்தை அது ஒன்றுதான் என்று கொலுவில் பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

ராஜாவின் உதட்டோரம் சிரிப்பு துடித்தது. “சபையில் என்னதான் சொன்னார்கள்?” என்றார். வாஞ்சியப்பன் ஆலத்தூர் நாட்டார் பேசியதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்தான். மாட்டைத் தூக்கிப் பிடிக்கிற இடம் வந்தபோது ராஜாவால் முடியவில்லை. சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டார், புரையேறி இருமினார், மறுபடியும் சிரித்தார். பந்தியில் பட்ட புண் அந்தச் சிரிப்பில்தான் ஆறியது.

மலை வேலை நின்றது என்று அந்தக் கணமே தண்டோரா போடச் சொன்னார். தம் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்து வாஞ்சியப்பன் தோளில் போட்டார், கையில் இருந்த பொற்காப்பையும் கழற்றிக் கொடுத்தார். “ருசி பார்க்கிற வேலையிலிருந்து உனக்கு விடுதலை. ஒரு தரம் பார்த்ததே எமக்குப் போதும்” என்றார். அந்த வேலைக்கு இனி யார் என்று கேட்டபோது கொலுவில் இருந்த எல்லோரும் ஏனோ ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிரதானி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பட்டும் காப்புமாக வாஞ்சியப்பன் வீட்டுக்கு வந்தபோது தையல்நாயகி வாசலில் ஒரு செம்பு கஞ்சியோடு நின்றிருந்தாள். அவளுக்கு இவன் தோளில் இருந்த பட்டு கண்ணில் படவே இல்லை. தெருக்கோடியிலிருந்து ஆட்கள் கூடையை வீசிவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தார்கள், நடுவில் ஐயாறப்பன்.

“டேய், நில்லுடா, ஒரு வாய் குடிச்சிட்டுப் போ!”

“பொறவு வர்றேன்க்கா! வாய்க்கால்ல தண்ணி எறங்கறதுக்குள்ள விதை விடணும்!” அவன் நிற்கவில்லை. உரிந்த தோளோடு வயல் பக்கம் திரும்பி ஓடினான்.

தையல்நாயகி செம்பைப் பிடித்தபடி நின்று அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒன்றாகவே செய்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பட்டும் காப்புமாக ஓரமாய் நின்ற புருஷனிடம் அந்தச் செம்பை நீட்டினாள்.

“நீங்களாவது குடிங்க. வாய் வலிக்குதா?”

“கொஞ்சம்.”

“வலிக்கட்டும்” என்றாள். “உங்க வாயால ஒரு உருப்படியான வேலை நடந்திருக்கு.”

அந்த வருஷம் அந்த நாட்டில் நெல் விளைந்தது. மலை விளையவில்லை. ஐப்பசியில் சகலை விருந்துக்கு வந்து, சாயங்காலம் முழங்கால் உயர மண்மேட்டுக்குப் பக்கத்தில் நின்று, கண்ணுக்கு எட்டின மட்டும் பச்சை ஆடுகிற வயலுக்குள் சூரியன் இறங்குவதைப் பார்த்தார். வாயில் வெற்றிலை இருந்ததாலோ என்னவோ, ஒன்றும் சொல்லவில்லை.